அழைப்பைத் துண்டிக்காத வெர்னா

போர்ட் லிங்கன் துறைமுக ஊரில் வெர்னா பாஸ்கோவின் முகம் தெரியாதவர்களுக்கும் அவள் குரல் தெரியும். இருபத்தேழு வருடம் கடலோர வானொலி அறையில் உட்கார்ந்து வளைகுடாவில் போய்வரும் படகுகளோடு பேசியவள். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தப் படகு இன்னும் கரைக்கு வரவில்லை என்பதெல்லாம் அந்தக் குரல் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். முதல்முறை நேரில் பார்க்கிற மீனவர்கள் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். அந்தக் குரலுக்கு ஆறடி உயரமாவது இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். வெர்னா என் தோள் உயரம்தான்.

நான் ரொண்டா, பக்கத்து வீடு. மீன் கூட்டுறவு அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். தினமும் பத்தரை மணிக்கு அவள் சமையலறையில் டீ குடிப்பது எங்கள் வழக்கம். அதனால்தான் இதையெல்லாம் பார்க்கக் கிடைத்தது.

வானொலி அறையில் அவள் செய்த ஒரு காரியத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மதியம் போய்ட் என்ற இறால் படகுக்காரனின் எஞ்சின் நின்றுபோனது. படகில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மீட்புப் படகு போய்ச்சேர நான்கு மணி நேரம் ஆகும். அந்த நான்கு மணி நேரமும் வெர்னா அவனைப் பேசவைத்துக்கொண்டே இருந்தாள். அவன் இதுவரை வளர்த்த நாய்களின் பெயர்களைக் கேட்டாள். ஒவ்வொரு நாயும் எப்படிச் செத்தது என்று கேட்டாள். அவன் மாமியார் மீன் வறுக்கும் விதத்தைக் கேட்டு, அதில் குற்றம் கண்டுபிடித்து, அவனோடு சண்டையே போட்டாள். போய்டுக்குப் பயப்பட நேரமே கிடைக்கவில்லை. கரைக்கு வந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தவன் முதலில் சொன்னது, "அந்தப் பொம்பளைக்கு மீன் வறுக்கத் தெரியாது" என்பதுதான்.

வெர்னா ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் நெஸ்டாவுக்கு அந்தக் கொடுமை நடந்தது. நெஸ்டா அவளோடு அதே அறையில் மாறி மாறி வேலை பார்த்தவள். வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டு, இனிக்க இனிக்கப் பேசி, அவள் சேர்த்துவைத்திருந்ததை மொத்தமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். பணம் போனதைவிட, ஏமாந்துபோனோமே என்ற வெட்கம்தான் அவளைத் தின்றது. தொலைபேசி ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப்போட்டாள்.

அன்று வெர்னா டீயைத் தொடவே இல்லை. "நெஸ்டா ஒரு அழைப்பையும் விடாம எடுத்தவ, ரொண்டா. இப்போ வாசல் மணி அடிச்சாக்கூட நடுங்குறா" என்றாள்.

அதற்கப்புறம் அந்த மாதிரி அழைப்பு எது வந்தாலும் வெர்னா துண்டிப்பதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

கூரைக்குச் சூரியத் தகடு விற்கிற பையன்கள் கூப்பிட்டால் கதை வேறு. "வேண்டாம் கண்ணு, நல்லா இரு" என்று ஒரே மூச்சில் விட்டுவிடுவாள். "அதுங்க சம்பளத்துக்கு வேலை பாக்குதுங்க. அதுங்க நேரத்தை ஏன் கெடுக்கணும்?" என்பாள். திருடர்களுக்கு மட்டும்தான் அவளிடம் நேரம் இருந்தது, அதுவும் அளவில்லாமல்.

உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது என்று ஒருவன் ஆரம்பிப்பான். வெர்னா வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. "ஐயையோ, இருப்பா, மூக்குக் கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்" என்று தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாக ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவாள். திரும்பி வந்து, திரையில் என்ன தெரிகிறது என்று அவன் கேட்டால் மைக்ரோவேவ் அடுப்பைப் பார்த்துச் சொல்லுவாள்: "பச்சையா பன்னெண்டு-பூஜ்யம்-பூஜ்யம்னு மின்னுதுப்பா." அந்தப் பக்கத்தில் அவன் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வான். கார்டு எண் கேட்டால், கடல் எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று போட்டிருக்கிற சின்னப் புத்தகத்தைத் திறந்து, அந்த வாரக் கணக்கை வரிசையாக வாசிப்பாள். ஒரு நாளும் திட்டியதில்லை, சிரித்ததும் இல்லை. அவர்கள்தான் கடைசியில் கத்திவிட்டு வைப்பார்கள்.

"உனக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு" என்றேன் ஒரு நாள்.

"கணக்குப் போட்டுப் பாரு. எங்கிட்ட ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தான்னா, அந்த ரெண்டு மணி நேரத்துல அவன் எத்தனை நெஸ்டாவைக் கூப்பிட்டிருப்பான்?"

எனக்கு அப்போதும் அது ஒரு விளையாட்டாகத்தான் தெரிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்று கூப்பிட்டவன் தன் பெயர் ஆஸ்கர் என்றான். நான் போனபோது அவன் பேச ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டிருந்தாள். அவன் குரலுக்குப் பின்னால் சந்தை மாதிரி இரைச்சல். ஒரே கூடத்தில் பத்து இருபது பேர் உட்கார்ந்து பேசுகிற சத்தம். நான் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று வெர்னாவின் முகம் மாறியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"ஆஸ்கர், ஒரு நிமிஷம் பேசாம இருப்பா. கம்ப்யூட்டர் ஏதோ ஓடுது. நீ பேசினா எனக்குக் குழம்பிடும்."

"சரி மேடம், காத்திருக்கேன்" என்று அவன் வாயை மூடிக்கொண்டான். எனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. வெர்னா அந்தக் கடல் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். லாக்யர். டம்பி பே. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, கீழே இன்னொரு வரி: பக்கத்து மேசை. கிழவர். காது கேட்காது. பணம் போகப்போகிறது.

அப்புறம்தான் எனக்கும் காதில் விழுந்தது. ஆஸ்கருக்குப் பக்கத்தில் இன்னொருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். "மிஸ்டர் லாக்யர்! கேக்குதா? உங்க வங்கி டம்பி பேல இருக்கா? டம்பி பேதானே? சரி சார்! போனை வெச்சுடாதீங்க!" கிழவருக்குக் காது மந்தம் என்பதால் கத்துகிறான். அந்தக் கத்தலைத்தான் வெர்னா பிடித்திருக்கிறாள். புயல் இரைச்சலுக்கு நடுவே படகுப் பெயரைப் பிரித்தெடுத்துப் பழகிய காது! ஊர் ஊராக எண்களை வரிசைப்படி போட்டுக்கொண்டு வருகிறார்கள் போல. எங்களிடமிருந்து டம்பி பே அரை மணிப் பயணம்.

நான் என் கைப்பேசியையும் வெர்னாவின் தொலைபேசிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினேன். அதில் இருந்த லாக்யர் எண்ணுக்குப் போட்டால் லைன் பிஸி. டம்பி பேயில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் என் சித்தப்பா மகள் ஜோசி. அங்கே பேக்கரியில் வேலை பார்க்கிறாள்.

"ஜோசி, லாக்யர்னு ஒரு பெரியவர், காது கேக்காதவர், தெரியுமா?"

"தெரியாம என்ன? தெருக்கோடியில பச்சைக் கூரை வீடு. தினம் ஒரு பஃப் வாங்குவார். ஏன், செத்துட்டாரா?"

"போன்ல ஒருத்தன் அவரைக் கொள்ளையடிச்சுட்டு இருக்கான். ஓடிப்போய்க் கட் பண்ணு!"

"இங்க கடையில ஆள் நிக்குது, ரொண்டா!"

"நிக்கட்டும்டி! ஓடு!"

நான் உள்ளே திரும்பி வந்தபோது வெர்னா அலைக் கணக்கை வாசித்துக்கொண்டிருந்தாள். "நாலு... அப்புறம் ஒன்னு. இல்லப்பா, அது ஏழு மாதிரியும் இருக்கு. என் கண்ணு போச்சு, ஆஸ்கர். நீயே திருப்பிச் சொல்லு, பாக்கலாம்." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஆஸ்கர் வைத்துவிட்டால் அந்தக் கூடத்துக்குள் எங்களுக்கு இருந்த ஒரே ஜன்னல் மூடிவிடும். அவனுக்குச் சலிப்பு வரவும் கூடாது, சந்தேகம் வரவும் கூடாது.

பக்கத்து மேசைக்காரன் இன்னும் கத்தினான். "வங்கியிலேர்ந்து உங்க செல்லுக்கு ஆறு எண் வந்திருக்கும் சார்! அதைப் படிங்க! முதல் எண்? மூணா? சரி! அடுத்தது? எட்டு! அடுத்தது?"

வெர்னா கண்களை மூடிக்கொண்டாள். வாய் மட்டும் ஆஸ்கரோடு பேசிக்கொண்டிருந்தது.

"ஒன்னு! சரி! நாலாவது? சத்தமா சார்! பூஜ்யமா? பூஜ்யம்! இன்னும் ரெண்டே ரெண்டு, மிஸ்டர் லாக்யர்! அஞ்சாவது?"

"ஹலோ? அஞ்சாவது, சார்? ஹலோ... நீங்க யாரும்மா? ஹலோ?"

அப்புறம் எதையோ மேசைமேல் வீசி எறிந்த சத்தம் கேட்டது. எங்களுக்குத் தெரியாத மொழியில் ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது.

ஜோசி போய்ச்சேர்ந்துவிட்டாள்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மேடம், இருக்கீங்களா?" என்றான் ஆஸ்கர்.

"இருக்கேன்பா. இங்கேயேதான் இருக்கேன். எங்க விட்டோம்?"

இனியாவது வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். போதும் என்று கையைக் காட்டினேன். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு, புத்தக ஓரத்தில் மறுபடி எழுதினாள்: இவனை விட்டால் இரண்டு பேரும் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். ஒருவனையாவது பிடித்துவைக்கிறேன்.

இன்னும் ஐம்பது நிமிடம் பிடித்துவைத்தாள். எழுபதை நெருங்குகிற பெண், ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அவளோடு அத்தனை வருடம் டீ குடித்திருக்கிறேன். அவள் யார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியில் ஆஸ்கரே கெஞ்ச ஆரம்பித்துவிட்டான். "மேடம், தயவுசெஞ்சு உண்மையைச் சொல்லுங்க. உங்க கம்ப்யூட்டர் என்ன கம்ப்யூட்டர்?"

"என்கிட்ட கம்ப்யூட்டரே இல்லப்பா."

கத்துவான் என்று காத்திருந்தோம். அவன் மெதுவாகக் கேட்டான்: "அப்போ இவ்வளவு நேரம் பச்சையா மின்னினது என்ன?"

"மைக்ரோவேவ்."

ஒரு சின்னச் சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது. அழுகையாகவும் இருக்கலாம். "வேற வேலை தேடிக்கோ, ஆஸ்கர். உனக்குப் பொறுமை இருக்கு" என்றாள் வெர்னா. அவன்தான் வைத்தான்.

ஜோசி மாலையில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். மாவு ஒட்டிய கையோடு ஓடிப்போய், திறந்துகிடந்த கதவு வழியாக நுழைந்து, லாக்யர் கையிலிருந்த தொலைபேசியைப் பிடுங்கி வைத்திருக்கிறாள். மனிதர் கோபத்தில் ஊன்றுகோலைத் தூக்கிவிட்டாராம். வங்கிக்காரரோடு பேசும்போது குறுக்கே வர நீ யார் என்று கத்தினாராம். ஜோசி அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உண்மையான வங்கிக்கே கூட்டிப்போனாள். மேலாளர் எல்லாவற்றையும் எழுதிக் காட்டிய பிறகு அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாராம். ஒரு காசும் போகவில்லை.

வியாழக்கிழமை டம்பி பேயிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கி, டை கட்டிக்கொண்டு, லாக்யர் வெர்னாவைத் தேடி வந்தார். அவள் எதைச் சொன்னாலும் "என்ன?" என்று காதில் கை வைத்தார். கடலில் பாதி உலகத்தைக் கேட்கவைத்த குரல் அந்த ஒரு மனிதரிடம் தோற்றுப்போனதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. கடைசியில் அவரே கேட்டார்.

"அங்க அவ்வளவு சத்தத்துல என் பேரு எப்படிம்மா உங்களுக்குக் கேட்டுது?"

வெர்னா அவர் காதருகே போய்க் கத்தினாள்: "நீங்க எல்லாரையும் கத்த வைக்கிறீங்க!"

அது அவருக்குக் கேட்டது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். மூன்று மணி பஸ்ஸுக்கு நான்தான் அவரைக் காரில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவர் ஜோசியின் பஃப்பில் உப்பு குறைவு என்று சொல்லிக்கொண்டே வந்தார்.