அக்கா பிறந்த பெட்டி

பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றியது. திரையில் ஏதோ எழுத்து வரப் பார்த்தது. நான்கு எண்ணுவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடியும் அணைந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவும் என்னோடு சேர்ந்து வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜோகூர் பாரு பக்கம் மாசாயில் எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கணினி என் மகள் காலேஜில் படித்த காலத்தில் வாங்கியது. அவள் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். கைப்பைக்குள் அடங்கும் மெல்லிசான கணினி ஒன்று வைத்திருக்கிறாள். இது எங்கள் தலையில் மிச்சமாக வந்து விழுந்தது. வருசத்துக்கு நாலைந்து தடவை அதைத் தொட்டிருந்தால் அதிகம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர், வீட்டில் அடைசல் இருந்தால் அவருக்குப் பிடிக்காது. இதைத் தூக்கிப் போடு என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டார். நான் விடவில்லை. அக்கா பிறந்ததற்கான சாட்சி அதற்குள்தான் இருந்தது.

அக்கா பெக்கோக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீட்டில் பிறந்தவள். அதை யாரும் போய்ப் பதியவில்லை. ஏழு வருசம் கழித்து நான் சிகாமட் ஆஸ்பத்திரியில் பிறந்தேன், ஏட்டில் ஏறிவிட்டேன். ஒரே வயிற்றில் பிறந்தும் எனக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை, அவளுக்கு வெறும் நிரந்தரவாசி என்கிற சிவப்பு. அறுபது வயதைத் தாண்டியும் பிறந்த ஊரில் அவள் ஓட்டுப் போட்டதில்லை. எந்த விண்ணப்பப் பாரத்தை நீட்டினாலும் குடியுரிமை என்று கேட்கும் கட்டத்தில் பேனா நின்றுவிடும். அவளிடம் இருந்தது ஒரே ஒரு சீட்டு. பிரசவத்தன்று தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த டிரஸ்ஸர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது.

பல வருசத்துக்கு முன்பு குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்று அந்தச் சீட்டை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மகள் அதை ஸ்கேன் செய்து கணினியில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தார். மனு அப்படியே நின்றுபோனது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வருசம் பெக்கோக்கில் வெள்ளம் வந்து, அலமாரி இடுப்பளவுக்கு மூழ்கியது. சீட்டைக் காயவைத்துப் பார்த்தபோது மை கரைந்து வெறும் தாள் மட்டும் இருந்தது.

அதிலிருந்து இந்தக் கணினி மேல் அக்காவுக்குத் தனிப் பாசம். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் மாசாய்க்கு வந்துவிடுவாள். தையல் மிசின், சோத்துக் குக்கர், மோட்டார் சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள். கணினிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைப்பாள். "இதுக்குள்ளதான நான் பொறந்திருக்கேன்" என்பாள். நாங்கள் சிரிப்போம்.

இப்போது மனுப் போட்டு, வெள்ளிக்கிழமை ஜோகூர் பாருவில் நேர்காணலுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். பிறப்புக்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமையே அக்கா ரயிலேறி வந்துவிட்டாள். பையில் இரண்டு சேலை, ஒரு டப்பா முறுக்கு, மை போன அந்த வெறும் தாள். அதை ஏன் கொண்டு வந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் மனசு வரவில்லை.

நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருசம் மின்னணுப் பலகைகளைச் சோதித்தவள். பூதக்கண்ணாடிக்குக் கீழே எத்தனை ஆயிரம் பலகை போயிருக்கும் என்று கணக்கே இல்லை. ஈயம் சரியாக ஒட்டாத இடம் என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் அந்தப் பலகைகள் எதற்குள் போகின்றன, போய் என்ன செய்கின்றன என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அக்காவுக்கு இது தெரியாது. தங்கச்சி இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

மகளைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். பீப் சத்தம் வருகிறதா என்று கேட்டாள். வரவில்லை. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்றாள். படிக்கவிட்டால்தானே என்றேன். மூடியைத் திறந்து, மெமரி என்கிற நீட்டுத் துண்டைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகச் சொன்னாள். திறந்தால் உள்ளே ஒரு கைப்பிடி தூசியும் இரண்டு பல்லி முட்டையும். துடைத்தேன், செருகினேன், மூடினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

பிறகு வயரை மாற்றினோம். பிளக்கை மாற்றினோம். கணினியை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குக்கர் பிளக்கில் செருகினோம், அந்தப் பிளக்தான் இந்த வீட்டிலேயே நம்பிக்கையானது. அங்கேயும் நான்கு. ஒரே ஒரு முறை எட்டு எண்ணும் வரை இருந்தது. அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று யோசித்து யோசித்தே அன்றைய சாயங்காலம் போனது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது எனக்கு.

புதன்கிழமை காலையில் மாசாய் கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் சீனரிடம் கொண்டுபோனேன். அக்கா வீட்டிலேயே இருந்தாள். அவர் மூடியைக் கழற்றினார், முன்பக்கத்துத் தகட்டையும் பிடுங்கி ஓரமாக வைத்தார். பலகையின் மூலையில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஊசிகளை ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு தொடு தொட்டார். கணினி எழுந்துகொண்டது. பத்து எண்ணினேன், ஐம்பது எண்ணினேன். அணையவில்லை. ஒரு குறையும் இல்லை என்று மலாய் மொழியில் சொன்னார், உங்கள் வீட்டுக் கரண்டைப் பாருங்கள் என்றார்.

அந்த நிமிசமே அக்காவின் சீட்டை அதிலிருந்து எடுத்திருக்க வேண்டும். இதை இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எனக்குத் தோன்றவில்லை. சரியாகிவிட்ட பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதைத் தவிர என் மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. அவர் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார், நான் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். சரியாகிவிட்டது என்றதும் கண் கலங்கிவிட்டாள். சாமி மேடையிலிருந்து கிண்ணத்தை எடுத்து வந்து, சந்தனம் குழைத்து, கணினிக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டாள். நான் பட்டனை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. இந்த முறை நான்கு கூட இல்லை.

கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை. வீட்டுக் கரண்ட் சரியில்லை என்றால் டிவி எப்படி ஓடுகிறது? குளிர்பெட்டி எப்படி ஓடுகிறது? கடைக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன், கடை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைதான் திறக்கும் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். நேர்காணல் வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என்ன ஆச்சு என்று கேட்டாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. யார் மேல் என்று தெரியாத கோபம். அது அவள் மேல் போய் விழுந்தது.

"இத்தன வருசமா என்ன பண்ணிக்கிட்டு இருந்த? வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே மனுப் போட்டிருந்தா இந்தப் பாடு எதுக்கு?"

அவள் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்த வருசங்களில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். அவள் எழுந்து போய் அடுப்படியில் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். எவ்வளவு கேவலமான வாய் எனக்கு என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கணினிக்கு எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தொழிற்சாலையில் எங்கள் சூப்பர்வைசர் ஓயாமல் ஒரே பாட்டைப் பாடுவார். ஒரு பலகை ஒரு மேசையில் வேலை செய்து, இன்னொரு மேசையில் செய்யவில்லை என்றால் பலகையைப் பார்க்காதே, இரண்டு மேசைக்கும் என்ன வித்தியாசம் என்று பார். கடைக்கும் வீட்டுக்கும் என்ன வித்தியாசம்? கரண்ட் என்றார் சீனர். எனக்கு அது ஒத்து வரவில்லை. கடையில் நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மூடி, தகடு, ஸ்குரூடிரைவர். அங்கேதான் உறைத்தது. அவர் பட்டனை அழுத்தவே இல்லை, பட்டன் வயர் போய்ச் சேரும் ஊசிகளை நேராகத் தொட்டுத்தான் எழுப்பினார்.

பீரோவில் கிடந்த என் பழைய பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பட்டனை மெதுவாக அழுத்தினேன். உள்ளே போனது. விரலை எடுத்தேன். வெளியே வரவில்லை. கணினி தன் பாட்டுக்கு எரிந்தது, நான்கு எண்ணியதும் அணைந்தது. அதற்கப்புறம்தான் பட்டன் சோம்பேறி போல மெல்ல மெல்ல மேலே வந்தது. பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் கணினி அணைந்துவிடும் என்று மகள் என்றைக்கோ சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்று நாளாக யாரோ அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பட்டனைச் சுற்றி இருந்த சந்தில் கண்ணாடியை வைத்தேன். மஞ்சளும் சிவப்புமாகப் பொருக்கு. மேலே நேற்று வைத்தது, இன்னும் ஈரம் காயவில்லை. அதற்குக் கீழே போன வருசத்தது, அதற்கும் கீழே அதற்கு முந்தைய வருசத்தது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அக்கா வைத்த சந்தனமும் குங்குமமும், ஒன்றின் மேல் ஒன்றாக. மற்ற சாமான்களுக்கெல்லாம் நெற்றியில் வைப்பது போல மேல்பக்கம் வைப்பாள். இதற்கு மட்டும் பச்சை விளக்கு எரியும் இடத்தில், அந்தப் பட்டன் மேலேயே வைப்பாள். உயிர் இருக்கும் இடம் அதுதான் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

எனக்குக் கத்த வேண்டும் போல வந்தது. சிரிக்கவும் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா அடுப்படி வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னா பாப்பா, ஏதாச்சும் தெரியுதா?"

"தூசிக்கா. பட்டன்ல தூசி அடைச்சிருக்கு" என்றேன்.

பல்குச்சியும் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தேன். பட்டனை என் முதுகால் மறைத்துக்கொண்டேதான் செய்தேன். வருசக் கணக்கான சந்தனம் பொடிப்பொடியாகப் பழைய நாளிதழ் மேல் உதிர்ந்தது, வாசனை கூடப் போகவில்லை. அதை மடித்துக் குப்பையில் போட மனசில்லாமல் வாசலில் துளசித் தொட்டியில் கொட்டினேன். பட்டனை அழுத்தினேன். டிக் என்று உள்ளே போய் டிக் என்று வெளியே வந்தது. நாங்கள் இருவரும் எண்ணினோம். பத்து வரைக்கும் வாய்க்குள் எண்ணிய அக்கா, அதற்கப்புறம் சத்தமாகவே எண்ணினாள்.

மகள் சொன்ன வழியில் தேடிப் பெரியம்மா என்று எழுதியிருந்த கோப்புப் பெட்டியைத் திறந்தேன். சீட்டு திரை முழுக்க விரிந்தது. நீல மை, டிரஸ்ஸரின் சாய்ந்த கையெழுத்து, தோட்டத்து முத்திரை. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. படித்துச் சொல்லச் சொன்னாள். தோட்டத்தின் பெயரையும் லயத்து எண்ணையும் அப்பா அம்மா பெயர்களையும் படித்தேன். பிறகு பெண் குழந்தை, உயிருடன் பிறந்தது என்று படித்தேன்.

"உயிரோடன்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"இத ஒருத்தரும் எனக்குப் படிச்சுச் சொல்லல லா" என்றாள். அந்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்டுத் திரையில் விரலை வைத்தாள். மை போன அந்த வெறும் தாளைப் பையிலிருந்து எடுத்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்து, அதே வரி அதில் எங்கே இருந்திருக்கும் என்று தடவிப் பார்த்தாள். நான் அவள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டேன்.

ஐந்து பிரதி எடுத்தோம். என் கைப்பேசிக்கும் மகளுக்கும் அனுப்பினோம். பென் டிரைவில் போட்டு அக்காவின் பையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை அவளோடு நானும் போனேன். சீட்டின் பிரதியை வாங்கிக்கொண்டார்கள், கேள்விகள் கேட்டார்கள், கடிதம் வரும் என்றார்கள். கடிதம் இன்னும் வரவில்லை. அக்காவின் பையில் இன்றைக்கும் சிவப்பு அட்டைதான் இருக்கிறது.

இந்த வருசம் ஆயுத பூசைக்கும் வந்தாள். சீட்டு இப்போது நாலு இடத்தில் இருக்கிறது, கணினிக்குப் பொட்டு வைப்பாளா என்று எனக்குச் சந்தேகம். கிண்ணத்தோடு நேராக அதனிடம்தான் போனாள். நான் குக்கரைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டே அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டனில் வைத்தால் தடுப்பதா, விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தடுத்தால் நான் சொன்ன பொய் உடைந்துவிடும்.

அக்கா குனிந்தாள். பட்டனை முந்தானை நுனியால் ஒரு முறை துடைத்தாள். பிறகு கணினியின் தலையில், பட்டனுக்கு எட்டாத மூலையில், கடுகளவு சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமத்தைத் தொட்டு வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இங்க வச்சா தூசி அடைக்காதுல்ல பாப்பா" என்றாள்.