கடைசி பெஞ்சில் கணிதப் பொருளாதாரம்

கத்தரிக்காய் வாங்கப் போகிறவனை வழிமறித்து, முதலில் உன் ஆசையைச் சமன்பாடாக எழுது என்று கேட்பதுதான் கணிதப் பொருளாதாரம். மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அறுபத்தாறு வயதில் இதை நான்கு வருட இளங்கலைப் பட்டமாக எடுத்தேன். டெல்லியில் ஒரு கல்லூரி. வயது வரம்பு இல்லை என்றார்கள். ஏன் சேர்ந்தேன் என்று கேட்காதீர்கள், பொழுது போகவில்லை. கணக்குப் பேப்பரை முன்னால் வைத்துக்கொண்டு மின்விசிறியை வெறித்துப் பார்த்தவர்கள் மட்டும் மேலே படிக்கலாம். நீங்கள் நம்ம ஆள். மற்றவர்களுக்கு இந்த வலி புரியாது.

முதல் நாள் டீ

வகுப்புக்குள் நுழைந்தேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். "உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்கள். எனக்கு ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கும்போது ஆசிரியை வந்தார். ரிது மேடம். என் மகனைவிடச் சின்னவர். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பியூனை ஓடவிட்டு டீ வரவழைத்தார்.

அடுத்த வாரம் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருவதாக இருந்ததாம். ஒரு வாரம் முன்னாலேயே வந்து குதித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். டீ நன்றாக இருந்தது. குடித்து முடித்த பிறகுதான் நான் மாணவன் என்று சொன்னேன். மேடம் காலிக் கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கடைசி பெஞ்ச் காலியா இருக்கு, போய் உட்காருங்க. இனிமே டீ கேன்டீன்ல."

ஒப்புதல் அளிக்கலாம்

முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பர். விலை ஏறினால் தேவை குறையும் என்பதை இன்னின்ன நிபந்தனைகளின் கீழ் நிரூபிக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளைகள் கூடுதல் தாள் வாங்கி எழுதித் தள்ளுகிறார்கள். நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கோப்பில் இரண்டு வரிக்கு மேல் எழுதியவனில்லை. கைப்பழக்கம். "பார்த்தேன். சரியாகவே தோன்றுகிறது. ஒப்புதல் அளிக்கலாம்" என்று எழுதினேன். கீழே சின்னக் கையெழுத்து, தேதி. முதல் ஆளாக எழுந்து வெளியே வந்தேன்.

ஃபெயில்.

அந்தப் பேப்பரை இரண்டாம் செமஸ்டரோடு மறுபடி எழுதலாம். அதிலும் போனால் அடுத்த ஆண்டுக்கு ஏற்ற மாட்டார்கள். பெங்களூரிலிருந்து மகன் குமார் போன் செய்தான். "அப்பா, இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்பும் போதும், டெல்லியும் போதும். துவாரகா ஃப்ளாட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடணும். சரியா?" எரிச்சலில் "சரி" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. டெல்லியில் ஆட்டோக்காரனை ஹிந்தியில் திட்ட எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. பெங்களூரில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த வயதில் முடியுமா?

விடைத்தாளைக் கேட்டு மேடத்திடம் போனேன். நான் எழுதியதைச் சத்தமாக வாசித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அங்கிள்ஜி, நான் நிரூபிக்கச் சொன்னேன். ஃபைலை பாஸ் பண்ணச் சொல்லல."

மைனஸ் பராட்டா

ககன் என் பக்கத்து பெஞ்ச். திலக் நகர் சர்தார் பையன். கேன்டீனில் இருவரும் சேர்ந்து கணக்குப் போடுவோம். பராட்டாவும் லஸ்ஸியும் வாங்குகிற ஒருவனுக்கு எந்த அளவில் அதிகத் திருப்தி? பக்கம் பக்கமாகப் போட்டேன். எட்டு லஸ்ஸி, மைனஸ் மூன்று பராட்டா என்று வந்தது. மூன்று முறை சரிபார்த்தேன். அப்படியேதான் வந்தது. மைனஸ் மூன்று பராட்டா என்றால் என்னடா அர்த்தம் என்று கேட்டேன். ககன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு தீவிரமாக யோசித்தான்.

"முன்னாடி தின்னதைத் திருப்பிக் கொடுத்துட்டு லஸ்ஸி குடிக்கிறான், அங்கிள்ஜி. இவனை எந்த டாபாவிலயும் உள்ள விட மாட்டாங்க."

லேம்டா

அடுத்தவருக்குச் சொல்லிப் பார்த்தால் பாடம் மனதில் நிற்கும் என்றார்கள். வீட்டில் அடுத்தவர் என்றால் என் மனைவி பத்மா ஒருத்திதான். திருநெல்வேலியிலிருந்து வந்து நாற்பது வருடமாகியும் பேச்சை மாற்றாதவள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். மனிதனுக்குச் சந்தோஷம் வேண்டும். ஆனால் ஏதோ ஒரு கட்டுப்பாடு பிடித்து வைத்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் சந்தோஷம் எவ்வளவு கூடும்? அந்த அளவுக்குப் பெயர் லேம்டா.

புத்தகத்தில் இதற்கு ஏழு பக்கம். அவள் கத்தியைக்கூட நிறுத்தவில்லை.

"நீங்க காலேஜுக்குப் போக ஆரம்பிச்ச நாள்லருந்து எனக்கு அதுதான கூடிக்கிட்டு இருக்கு!"

எல்லாரும் வராத நாள்

ஹோலிக்கு முந்தின நாள். வகுப்பே சேர்ந்து மட்டம் போடுவதென்று தீர்மானம். ஒருவரும் வராவிட்டால் வகுப்பு நடக்காது, யாருக்கும் நஷ்டமில்லை. ஒருத்தர் மட்டும் வந்துவிட்டால் வருகைப் பதிவு அவருக்கு மட்டும். எல்லாரும் கையடித்துச் சத்தியம் செய்தோம். கெட்ட நேரம், அந்த வாரம்தான் மேடம் இரண்டு திருடர்கள் பாடத்தை நடத்தியிருந்தார். தனித்தனி அறையில் அடைத்த இரண்டு பேர். வாயைத் திறக்காமல் இருந்தால் இருவருக்கும் நல்லது. ஆனால் அவனவன் தன் லாபத்தைப் பார்த்து அடுத்தவனைக் காட்டிக்கொடுத்துவிடுவான்.

காலையில் நான் நைசாகப் போனேன். எனக்கு முன்னால் ககன் உட்கார்ந்திருந்தான். "தண்ணி பாட்டிலை மறந்துட்டேன், எடுக்க வந்தேன்" என்றான். அடுத்து நிவேதா. எங்கள் துவாரகா பெண், டெல்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. "அரே அங்கிள், நீங்களுமா?" என்று வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டாள். ஒன்பது மணிக்கு ஒரு பெஞ்ச் பாக்கியில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த வருடத்திலேயே முழு வகுப்பும் வந்தது அன்றைக்குத்தான்.

வராதது மேடம் ஒருவர்தான். எங்கள் சத்தியம் அவர் காதுக்கும் போயிருக்கிறது. நிவேதா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"எல்லாருமா வந்திருக்கீங்க? உங்களுக்குப் பாடம் புரியலைன்னு நம்பித்தானே நான் எங்கம்மா வீட்டுக்கு வந்தேன்!"

ரிசல்ட்

மறுதேர்வில் எல்லாவற்றையும் படிப்படியாக எழுதினேன். கூடுதல் தாள்கூட வாங்கினேன். விரல் வீங்கிவிட்டது. ரிசல்ட் வருகிற அன்று பத்மா என்னை ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். எனக்கு முழங்கால் வலி. படிக்குக் கீழேயே நின்றேன். அவள் மேலே போய் ரொம்ப நேரம் இறங்கவில்லை. முருகனிடம் என்ன கேட்டாள் என்று தெரியாது. மகனோடு போய் இருக்க எந்தத் தாய்க்குத்தான் ஆசையிருக்காது? நான் ஃபெயிலாக வேண்டுமென்று கேட்டிருப்பாளோ என்றுகூடத் தோன்றியது.

அவள் இறங்கி வரவும் நிவேதா போன் செய்யவும் சரியாக இருந்தது. "பாஸ் அங்கிள்! பக்கா பாஸ்! ஓரத்துல தொட்டுட்டு நிக்கிறீங்க, ஆனா பாஸ்!" பின்னால் ககன் ஏதோ தகரத்தைத் தட்டி பாங்ரா ஆடும் சத்தம். நானும் நடுத்தெருவில் ஒரு சுற்று சுற்றினேன். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

குமாருக்குச் சொன்னேன். "சந்தோஷம்பா. நீங்க படிங்க. அம்மாவாவது இங்க வரட்டும்" என்றான். பத்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"நல்லா சொன்ன போ! அவியளுக்கு இன்னும் மூணு வருசம் பாடம் கிடக்கு. பொறவு எம்.ஏ. வேற இருக்காம்லா!"

மனிதன் யோசித்து, லாப நஷ்டம் பார்த்துத்தான் முடிவெடுப்பான் என்று இந்தப் படிப்பின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. என்னைச் சேர்த்துக்கொண்ட அன்றே அந்தப் பக்கத்தை அவர்கள் கிழித்திருக்க வேண்டும்.