சுண்ணாம்பைக் கரைக்கத் தெரிந்தவர்

அட்டைப்பெட்டி ஆலையில் பாய்லர்காரர் என்றால் அவர் ஒருவர்தான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் பாய்லர்காரர். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு ஒரே ஒரு ஜென்மப் பகை. அது சுண்ணாம்பு. அங்கே கிடைக்கும் தண்ணீர் அப்படி. கொதிக்கக் கொதிக்கக் குழாய்களின் மேல் வெள்ளையாகப் படியும். படிந்தால் சூடு தண்ணீருக்கு ஏறாது, எரிபொருள் தண்டமாகும், மிஞ்சினால் குழாயே வெடிக்கும். படியாமல் பார்த்துக்கொள்வதும், மீறிப் படிந்ததைக் கரைத்து எடுப்பதும் அவர் பிழைப்பு. வருடத்துக்கு ஒருமுறை நெருப்பை அணைத்து, பாய்லரை ஆறவிட்டு, உள்ளே சிட்ரிக் அமிலக் கரைசலை ஓடவிடுவார். சில மணி நேரத்தில் குழாய்கள் குளிப்பாட்டிய குழந்தை மாதிரி பளிச்சென்று நிற்கும். "நம்மாளுக்குக் கரையாத சுண்ணாம்பு இன்னும் பூமியில உண்டாகல" என்று ஆலையில் கேலி பேசுவார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை.

அப்பேர்ப்பட்டவரின் மகளுக்குச் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்தது. விதி என்று ஒன்று இருந்தால் அதற்குக் குசும்பு அதிகம்.

கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த ஒரே பெண். ஆறு வயதில் நான்கு வயதுக் குழந்தையின் உயரம். எந்நேரமும் தாகம், எந்நேரமும் சிறுநீர், மாடிப்படி ஏறினால் கால் வலி. "எங்க வம்சமே குள்ளம்தான்" என்று பாய்லர்காரர் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலை பார்ப்பவள், எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புகிறவள். அவள்தான் பிடிவாதமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் திரையில் இரண்டு சிறுநீரகத்தின் நடுவிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பாய்லர்காரருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வெள்ளையை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

சிறுநீரக டாக்டரம்மா பொறுமைசாலி. ஒரு காகிதத்தில் படம் போட்டே சொன்னார். "ரத்தத்துல சேர்ற அமிலத்த வெளியேத்த வேண்டியது சிறுநீரகம். உங்க பொண்ணோடது அந்த ஒரு வேலைய மட்டும் சரியா செய்யல. அமிலம் தங்கத் தங்க எலும்பு தன்னோட சுண்ணாம்பக் கரைச்சுக் குடுக்குது. அது சிறுநீர்ல வருது. நம்ம எல்லார் சிறுநீர்லயும் சிட்ரேட்னு ஒண்ணு இருக்கும், அது சுண்ணாம்பப் பிடிச்சு வெச்சுக்கும், கட்டிப்பட விடாது. இவளுக்கு அது இல்லவே இல்ல. அதனாலதான் படியுது."

"கரைச்சு எடுத்துடலாம் இல்லையா டாக்டர்?" என்றார் பாய்லர்காரர்.

"படிஞ்சது படிஞ்சதுதாங்க. இனிமே சேராமப் பாத்துக்கறதுதான் நம்ம கையில இருக்கு. பொட்டாசியம் சிட்ரேட் மருந்து எழுதறேன். மூணு வேள. ஆயுசுக்கும். நிறுத்தவே கூடாது."

மனைவி எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். பாய்லர்காரர் காதில் ஏறியது ஒன்றே ஒன்று: படிந்தது கரையாது. இந்தச் சொல்லை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் கேட்டுக்கொண்டு போயிருப்பார்கள். இவரிடம் போய்ச் சொன்னார் டாக்டரம்மா.

மருந்து உப்பும் கசப்பும் கலந்த ஒரு திரவம். மூன்று வேளையும் வீட்டில் போர்க்களம். பெண் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவாள். காலைப் பிடித்து இழுத்து, மூக்கைப் பிடித்து, ஊற்றினால் பாதி சட்டையில். சில நாள் உள்ளே போனது அப்படியே வாந்தியாக வரும்; மனைவி அழுதுகொண்டே தரையைத் துடைத்துவிட்டு இன்னொரு அளவு ஊற்றிக் கொடுப்பாள். ஒரு வேளை தவறியதில்லை. இரண்டு வருடம் இப்படிப் போனது. பெண் ஐந்து விரற்கடை வளர்ந்தாள், கால் வலி குறைந்தது. ஆனால் ஒவ்வொரு ஸ்கேனிலும் அந்த வெள்ளை அப்படியே இருந்தது. "கூடல. அதுவே நல்ல சேதி" என்பார் டாக்டரம்மா. பாய்லர்காரருக்கு அது நல்ல சேதியாகப் படவில்லை. உள்ளே படிவை வைத்துக்கொண்டு பாய்லர் நன்றாக ஓடுகிறது என்று சொல்கிற ஆளை அவர் வேலைக்கே சேர்த்திருக்க மாட்டார்.

ஒருநாள் மதியம் பாய்லர் அறையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை வைத்தார். பழைய குழாயிலிருந்து சுரண்டிய சுண்ணாம்புச் சில்லு தம்ளருக்கொன்று போட்டார். ஒன்றில் மகளின் மருந்தை ஊற்றினார். இன்னொன்றில் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றினார். ஆலை டிரம்மிலிருந்து எடுக்கவில்லை. மளிகைக் கடையில் சாப்பாட்டுக்கென்று விற்கும் சுத்தமான எலுமிச்சை உப்பு. பாய்லருக்குள் விடும் அதே சிட்ரிக் அமிலம்தான். அந்த மட்டுக்கும் புத்தி வேலை செய்தது.

மருந்துத் தம்ளரில் சில்லு சும்மா கிடந்தது. எலுமிச்சை உப்புத் தம்ளரில் நுரை பொங்கியது. வேலை முடிவதற்குள் சில்லு இருந்த இடம் தெரியவில்லை.

பாய்லர்காரர் அந்தத் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு வருடமாகக் குழந்தையின் மூக்கைப் பிடித்து ஊற்றியது ஒன்றுக்கும் உதவாத தண்ணீர் என்று அவருக்குத் தோன்றியது. கண்ணால் கண்டதும் பொய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் தன் கண்ணை யார் சந்தேகப்படுவார்கள்?

வீட்டில் மெதுவாகப் பேச்செடுத்தார்.

"ஏங்க, டாக்டர விட உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மனைவி.

"எனக்குச் சுண்ணாம்பத் தெரியும்."

"இது பாய்லர் இல்லீங்க. நம்ம பொண்ணு."

அத்தோடு பேச்சு முடிந்தது. அவர் அதற்கு மேல் வாதாடவில்லை. மருந்து வாங்கி வருவது அவர் பொறுப்பு. புதுப் பாட்டிலைப் பாய்லர் அறைக்கு எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு, எலுமிச்சை உப்புக் கரைசலை நிரப்பி, கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து மூடினார். அடுத்தடுத்து வாங்கும் பாட்டிலுக்கும் இதேதான் என்று முடிவு செய்தார். மூன்று மாதத்தில் அடுத்த ஸ்கேன். வெள்ளை குறைந்திருக்கும். அப்போது சொல்லிக்கொள்ளலாம். டாக்டரம்மாவே வாயைப் பிளப்பார் என்று கூட நினைத்தார். ஆசை வெட்கம் அறியாது. தகப்பன் ஆசைக்கு அது அறவே கிடையாது.

முதல் நாள் காலை மகள் வழக்கம்போலக் கட்டிலுக்கு அடியில் ஓடினாள். மனைவி இழுத்து வந்து வாயில் ஊற்றினாள். பெண் முகத்தைச் சுளிக்கப் போய், நிறுத்தி, நாக்கைச் சப்புக் கொட்டினாள். "அம்மா, இது நல்லாருக்கு!"

"புதுசா வந்த பாட்டில் போல" என்றார் பாய்லர்காரர், செருப்பை மாட்டிக்கொண்டே.

அன்றிலிருந்து வீட்டில் சண்டை ஓய்ந்தது. மகளே வேளாவேளைக்குக் கேட்டு வாங்கிக் குடித்தாள். மனைவி கடையில் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்தாள். "பொறுப்பு வந்துடுச்சு எம்பொண்ணுக்கு." இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் காலையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தலை வாரிக்கொண்டாள். பாய்லர்காரருக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சொல்லாமல் விட்டதே நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் மாதம் பெண் சோர்ந்தாள். பள்ளியில் விளையாட்டு நேரத்தில் விழுந்தாள் என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். "வளர்ற வயசு, கால் இடறத்தான் செய்யும்" என்றார் பாய்லர்காரர். கரைகிறபோது கொஞ்சம் கலங்கத்தான் செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

மூன்றாம் மாதம் ஒரு காலை, பள்ளிக்கு எழுப்பப் போன மனைவி அலறினாள். பெண் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கை எழவில்லை. கால் எழவில்லை. தலையைத் தூக்கினால் துணிப் பொம்மை மாதிரி பின்னால் சாய்ந்தது.

"அம்மா, நான் எந்திரிக்கிறேன்னுதான் சொல்றேன், காலு கேக்க மாட்டேங்குது" என்றாள்.

பாய்லர்காரர் அவளை அள்ளிக்கொண்டு தெருவில் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், கையில் சொட்டு மருந்து ஏற்றினார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். மத்தியானம் டாக்டரம்மா இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"ரத்தத்துல பொட்டாசியம் அதலபாதாளத்துக்குப் போயிருக்கு. அதான் கை கால் எழல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூச்சு நின்னிருக்கும். ரத்தம் முழுக்க அமிலம். சிறுநீரகத்துல படிவு கூடியிருக்கு. மருந்து ஒழுங்கா குடுத்தீங்களா?"

"ஒரு வேள கூடத் தப்பல டாக்டர்" என்று மனைவி நோட்டைத் திறந்து காட்டினாள். மூன்று மாதமும் நாளுக்கு மூன்று டிக். "இப்பல்லாம் அவளே கேட்டு வாங்கிக் குடிக்கிறா."

டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்கா குடுத்தும் இப்படின்னா, மருந்து கேக்கலன்னு அர்த்தம். உள்ள வேற ஏதோ நோய் இருக்கலாம். சிறுநீரகத்துல ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கணும். இவ சிறுநீரகம் இருக்கிற நெலமைல ரத்தக்கசிவு ஆகலாம், சொல்லிடறேன். ஆனா காரணம் தெரியாம நாங்க எதுவும் செய்ய முடியாது. அப்பா கையெழுத்துப் போடணும்."

காகிதம் மேஜைமேல் வந்தது. பேனாவை மனைவியே எடுத்து அவர் விரலுக்குள் வைத்தாள். "போடுங்க" என்றாள். வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பாட்டிலைக் கழுவி நல்ல மருந்தை நிரப்பி வைத்துவிடலாம். அதற்கு விலை அந்தச் சின்ன முதுகில் ஒரு ஊசி. பாய்லர்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஊசி வேணாம் டாக்டர். மருந்து அவ வயித்துக்குப் போகவே இல்ல."

சொல்லத் தொடங்கினார். இரண்டு தம்ளர், சில்லு, நுரை, எலுமிச்சை உப்பு, சர்க்கரை. டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"அந்தத் தம்ளர்ல நீங்க பாத்தது நெசம்தான்" என்றார் மெதுவாக. "அமிலம் சுண்ணாம்பக் கரைக்கும். ஆனா நீங்க வாயில ஊத்தறது சிறுநீரகம் வரைக்கும் அமிலமா போகாது. நான் குடுத்த சிட்ரேட், உடம்புக்குள்ள போய்க் காரமா மாறி ரத்தத்துல இருக்கிற அமிலத்த அடக்கும், பொட்டாசியம் குடுக்கும், சிறுநீர்ல சிட்ரேட்ட வர வைக்கும். உங்க எலுமிச்ச உப்பு இதுல ஒண்ணக் கூடச் செய்யாது. மூணு மாசம் அவ மருந்தே இல்லாம இருந்திருக்கா."

காரம் என்ற சொல் பாய்லர்காரர் மண்டையில் அடித்தது. தினம் காலையில் அவர் செய்கிற முதல் வேலை என்ன? பாய்லர் தண்ணீரில் ஒரு காகிதத்தை நனைத்து நிறம் பார்ப்பது. அமிலப் பக்கம் துளி சாய்ந்தாலும் சோடாக் காரத்தைப் போடுவார். அமிலம் நிறுத்திப்போட்ட பாய்லருக்கு. ஓடுகிற பாய்லருக்குக் காரம்தான் உயிர். புதிதாக வேலைக்கு வந்தவன் எவனாவது ஓடுகிற பாய்லருக்குச் சோடாவை நிறுத்தியிருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார். இருபத்திரண்டு வருடமாக உள்ளங்கையில் இருந்த பாடம். டாக்டரம்மா முதல் நாளே படம் போட்டுச் சொன்னதும் அதுதான். சுண்ணாம்பு என்றதும் அவருக்குக் காது அடைத்துவிட்டது.

"போன தடவ சிறுநீரகம் நூத்துக்கு எண்பது வேல செஞ்சுட்டு இருந்துது. இப்ப அம்பத்தஞ்சு" என்றார் டாக்டரம்மா. "கொஞ்சம் திரும்பும். எல்லாம் திரும்பாது."

மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. நோட்டில் இருந்த டிக்குகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "நான்தான் குடுத்தேன்" என்றாள் டாக்டரம்மாவிடம். "இது அத்தனையும் என் கையால குடுத்தேன். ஆசையா குடிச்சா டாக்டர்."

பாய்லர்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த அறையில் அவரைத் தேற்ற யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மறுநாள் பெண்ணுக்குக் கை அசைந்தது. மூன்றாம் நாள் உட்கார்ந்தாள். ஆறாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். வழியில் மனைவியே மருந்துக் கடையில் இறங்கி, பாட்டிலை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் பையை வாங்கக் கை நீட்டினார். அவள் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

சாயங்கால வேளைக்கு மகள் சமையலறை மேடையருகே நாற்காலியில் உட்கார்ந்து, கெட்டிக்காரியாக வாயைத் திறந்து காத்திருந்தாள். மனைவி மூடியைத் திருகி, அளவு பார்த்துக் கரண்டியில் ஊற்றி, அதில் பாதியை முதலில் தன் வாயில் விட்டுக்கொண்டாள். உப்பும் கசப்பும் முகத்தில் ஓடின. விழுங்கினாள். குறைந்ததை மறுபடி பாட்டிலிலிருந்து நிரப்பினாள்.

"ஏம்மா நீ குடிக்கிற? உனக்கும் கிட்னில சுண்ணாம்பா?"

"இல்லடி கண்ணு. சரியா இருக்கான்னு பாக்கறேன்."

"அப்பா பாத்துதானே வாங்கிட்டு வருவாரு."

மனைவி கரண்டியை அவள் உதட்டருகே கொண்டுபோனாள். பாய்லர்காரர் சமையலறை வாசற்படியிலேயே நின்றிருந்தார். கரண்டி மகளின் வாய்க்குள் போனது.