கமலைக் கயிறுன்னு பேர் வச்ச படம்

எங்க வீட்டுக்கு ஒரே ஒரு படிக்கட்டு. அது நேரா போட்டோக் கடைக்குள்ளதேன் போய் எறங்கும். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கீழ ஸ்டூடியோ, மேல குடித்தனம். என்னைக் கட்டிக் குடுத்தப்ப எங்கப்பா, "என் மக மாடி வீட்டுக்கு வாக்கப்பட்டிருக்கா"ன்னு ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாரு. ஏறத்தேன் படி, எறங்க இல்லேங்கிறதை அவரு விசாரிக்கலை.

கல்யாணமாகி நாலாம் நாள், சீரகம் வாங்கலாம்னு எறங்குனேன். கீழ ஏழெட்டு ஆம்பளைக படம் எடுக்க உக்காந்திருந்தாக. அம்புட்டுப் பேரும் தலையைத் தூக்கிப் பாத்தாக. அன்னைக்கே என் மாமியா சட்டம் போட்டுட்டாக: "கடை திறந்திருக்கையில மருமக எறங்கப்படாது." கடை காலையில எட்டு மணிக்குத் திறந்தா ராத்திரி ஒன்பதுக்குத்தேன் எங்க வீட்டுக்காரரு அடைப்பாரு. அதுக்கப்புறம் எறங்கி நான் யாரைப் பாக்க, நாயையா?

ஞாயித்துக்கிழமை கடை லீவு. அன்னைக்காவது எறங்கலாம்னு பாத்தா, அத்தை விடிஞ்சதும் எழுமலைக்கு மக வீட்டுக்குக் கிளம்பிருவாக. எங்க வீட்டுக்காரரு மதுரைக்குக் கிளம்பிருவாரு. போறவரு ஷட்டரை எறக்கி, வெளிய பூட்டி, சாவியை எடுத்துட்டுப் போயிருவாரு. "உன் பாதுகாப்புக்குத்தேன் புள்ள"ம்பாரு. நல்ல பாதுகாப்பு! தீப்பிடிச்சா மொட்டை மாடியில இருந்து குதிக்க வேண்டியதுதேன்.

மதுரையில அவருக்கு என்ன சோலின்னா, படம் எடுக்கிறவக சங்கம் ஒண்ணு. மாசி வீதிப் பக்கம் ஒரு மாடி ரூம்ல ஞாயித்துக்கிழமை தோறும் கூடுவாக. வாரம் ஒரு தலைப்பு குடுப்பாக. வீட்டுல புழங்குற, உள்ளங்கைக்குள்ள அடங்குற பொருளா இருக்கணும். கிட்டத்துல போய் எடுத்து, பெருசாப் பிரிண்டு போட்டு அடுத்த வாரம் கொண்டாரணும். நல்லா இருக்கிற படத்தைச் செவுத்துல குத்தி, கீழ ஒரு சீட்டுல பேரை எழுதுவாக. பரிசுன்னு ஒண்ணும் கிடையாது. ஆனா அங்க பேரு வந்தா தொழில்ல ஒரு மதிப்பு.

எனக்கு இருட்டறை வேலை முழுக்கத் தெரியும். பிரிண்டு கழுவுறது, காயப்போடுறது, நெகட்டிவ்ல பென்சில் வச்சு அம்மைத் தழும்பை மறைக்கிறது எல்லாம் நான்தேன். அந்த அறையும் மாடியில இருந்ததால சட்டத்துக்கு இடைஞ்சல் இல்ல. கேமராவை மட்டும் தொட்டதில்ல.

ஒரு வைகாசி மாசம். கல்யாண ஆர்டருக்கு ஓடி ஓடி அவரு பாதி ஆளா ஆயிட்டாரு. வெள்ளிக்கிழமை ராத்திரி கடையை அடைச்சுட்டு வந்து, "இந்த வாரம் பூட்டுன்னு தலைப்பு. நேரமே இல்ல. ரோலுல ரெண்டு படம் மிச்சம் இருக்கு. நீயே எதையாவது அடிச்சு வையி"ன்னு கேமராவைக் கையில குடுத்துட்டுத் தூங்கிட்டாரு. லென்சைக் கழட்டித் துடைக்கையில ஒரு தடவை நான் அதைத் தலைகீழாக் கண்ணுல வச்சுப் பாத்திருக்கேன். விரல் ரேகை உழுத வயலாட்டம் தெரிஞ்சது. அதே மாதிரி லென்சைத் திருப்பி, ஒரு கையால கேமரா வாயில அமுக்கிப் பிடிச்சு, மறு கையால பட்டனை அமுக்குனேன். எடுத்தது என் தகரப்பெட்டிப் பூட்டோட சாவி ஓட்டை. செவுத்துல ஏறுனது அவரு பேரு.

அதுக்கப்புறம் அது பழக்கமாப் போச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு எறங்கி, மல்லிகைப்பூப் பொட்டலத்தைக் குடுத்து, அந்த வாரத் தலைப்பையும் சொல்லுவாரு. நூல். தீக்குச்சி. சீப்பு. சீப்புக்கு என் சொந்தச் சீப்பைத்தேன் எடுத்தேன். பல்லிடுக்குல ஒரு பேன் ஈறு ஒட்டிக்கிட்டு முத்தாட்டம் மின்னுச்சு. சங்கத்துல பெரிய பெரிய ஆளுகெல்லாம் கூடி நின்னு, "இது என்ன விதை?"ன்னு கேட்டாகளாம். நம்மாளு கூசாம, "கசகசா"ன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. ஒரு வாரம் சிரிச்சேன்.

மறக்க முடியாதது உப்பு. கல் உப்புல ஒண்ணை எடுத்து வெயில்ல வச்சு லென்சு வழியாப் பாத்தேன். உள்ளுக்குள்ள சதுரம் சதுரமா, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, படிக்கட்டு எறங்குது! கோயில் தெப்பக்குளத்துப் படியே தோத்துச்சு. எனக்குன்னு ஒரு படிக்கட்டு, எந்தக் கடைக்குள்ளயும் போய் எறங்காத படிக்கட்டு. அன்னைக்கு எதுக்குன்னு தெரியாம உக்காந்து அழுதேன்.

மதியம் அத்தை தூங்குற ஒரு மணி நேரம் மொட்டை மாடி என் ராச்சியம். அந்த ஒரு மணி நேரத்துக்காக மத்த நேரத்தைப் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுனேன். ஆனா ஆசை சும்மா விடுமா? என் படம் பெருசாகி செவுத்துல தொங்குறதை ஒரு தடவை பாக்கணும்னு வந்துருச்சு. பேரு வேணாம். பாத்தாப் போதும்.

மறு வருசம் சித்திரை மாசம் அவரே வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டாரு. "வர்ற வாரம் முடிச்சுன்னு தலைப்பு. அதுல முதலா வர்ற படத்தைப் பெருசாப் போட்டு, அதுக்கடுத்த வாரம் குடும்பத்தோட எல்லாரும் வந்து பாக்கலாமாம்"னாரு.

"நானும் வாரேன்"னேன்.

"முதல்ல வரட்டும், கூட்டிட்டுப் போறேன்."

"சத்தியமா?"

"சத்தியமாத்தேன், போ."

விட்டேனா! மாட்டுக் கயித்து முடிச்சு, பூச்சர முடிச்சு, சாக்கு முடிச்சு, சேலை முந்தி முடிச்சுன்னு யோசிச்சேன். எல்லாம் எவனும் எடுக்கிறதுதேன். செவ்வாய் போச்சு, புதன் போச்சு. வியாழக்கிழமை குளிக்கையில கழுத்துல மஞ்சள் பூசப் போனேன். கையில தட்டுச்சு.

என் மூணு முடிச்சு. அதைக் கழுத்துல வச்சே எடுக்க முடியாது. லென்சைத் திருப்பிப் பிடிச்சா பொருள் நாலு விரக்கடைக்குள்ள இருக்கணும், ரெண்டு கையும் கேமராவுலயே போயிரும், கண்ணும் அதுலயே. எவளாவது தன் தொண்டையைத் தானே பாக்க முடியுமா? கழட்டத்தேன் வேணும். கழட்டுற பேச்சை எடுத்தாலே எங்க பக்கம் வாயில அடிப்பாக. கட்டுனவனுக்கு ஆகாதும்பாக.

கயிறு மாத்துற நாள்ல என்ன செய்வோமோ அதையே செஞ்சேன். புதுக் கயித்துல ஒரு மஞ்சக்கிழங்கைக் கட்டி முதல்ல கழுத்துல போட்டுக்கிட்டேன். அப்புறந்தேன் தாலியைத் தலைவழியா எடுத்தேன். முடிச்சை அவுக்கலை. கழுவுன பலகையில வச்சு, பொன்னு தெரியாம, மூணு முடிச்சு மட்டும் தெரியிற மாதிரி பாத்தேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு படம் எடுத்தேன். "ஆத்தா, அவருக்கு ஒண்ணும் வரக் கூடாது"ன்னு சொல்லிக்கிட்டே திரும்பப் போட்டேன். அவருக்கு அன்னைக்கு ஒரு தும்மல்கூட வரலை.

இருட்டறைச் சிவப்பு வெளிச்சத்துல அவரு ஈரப் பிரிண்டைத் தூக்கிப் பாத்தாரு. மூணு முடிச்சும் மலையாட்டம் நின்னுச்சு. "அடேயப்பா! கமலைக் கயிறா இது?"ன்னாரு. கிணத்துல மாடு கட்டித் தண்ணி எறைக்கிற வடக்கயிறு. பெருசானதுல அவருக்கு அப்படித்தேன் தெரிஞ்சிருக்கு. தெனமும் பக்கத்துல பாக்கிற கயிறு!

"கயிறுதேன்"னேன். பொய் சொல்லலை. உண்மையும் சொல்லலை.

முதலா வந்துருச்சு. சத்தியத்தைக் காப்பாத்துனாரு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில பட்டுச்சேலை கட்டி, பகல் வெளிச்சத்துல அந்தப் படியில எறங்குனேன். பன்னெண்டு படி. அம்புட்டையும் எண்ணுனேன். பஸ்ல சன்னலோரம் அவரே விட்டுக் குடுத்தாரு. செக்கானூரணி தாண்டி நாகமலை தெரிஞ்சப்ப, இதையெல்லாம் இத்தனை நாளா எங்க வச்சிருந்தாகன்னு இருந்துச்சு.

மாடி ரூம்ல ஏறி நிமுந்தேன். ஒரு ஆள் உசரத்துக்கு என் படம். கீழ சீட்டுல அவரு பேரு, பக்கத்துல "கமலைக் கயிறு"ன்னு மசியில எழுதியிருந்துச்சு. சந்தோசந்தேன். சத்தியமாச் சந்தோசந்தேன்.

ஆம்பளைக கூட்டமா நின்னு வெளிச்சத்தைப் பத்தியும் லென்சைப் பத்தியும் பேசிக்கிட்டிருந்தாக. அப்ப வந்திருந்த பொம்பளைக நாலஞ்சு பேரு கிட்ட வந்தாக. அதுல செயலாளரோட சம்சாரம், நல்ல வயசானவக, கண்ணாடியை ஏத்திவிட்டு ஒரு பார்வைதேன் பாத்தாக.

"கமலைக் கயிறா? எந்தக் கமலையில குங்குமம் வைக்கிறாக? இடுக்குல கருப்பா நிக்குது பாருங்க, மஞ்சப்பொடி அப்பியிருக்கு. இது தாலிக்கயிறுல்ல!"

அந்தம்மா எங்க வீட்டுக்காரரு பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, படம் பிடிக்கவா கட்டுன பொண்டாட்டி கழுத்துல இருந்து கழட்டுன?"ன்னு கேட்டாக.

நானே மறந்து போயிருந்தேன். ஆம்பளைகளுக்குத்தேன் தெரியாது, பொம்பளைகளுக்குத் தெரியும்னு ஒரு நிமிசம் யோசிச்சேனா? அங்க பொம்பளைகளே வர மாட்டாகன்னு நெனச்சே ஒரு வருசமா எடுத்திருக்கேன்.

அவரு மூஞ்சி வெளுத்துருச்சு. என் கழுத்தைப் பாத்தாரு, படத்தைப் பாத்தாரு. நான்தேன் எடுத்தேன்னு அவரு சொன்னா, தாலியைக் கழட்டுன பாவி. எடுக்கலைன்னா ஒரு வருசப் பேரும் போச்சு. அவரு மனசுக்குள்ள ரெண்டும் ஏறி எறங்குறது எனக்கு அப்படியே தெரிஞ்சது. அப்புறம் கையை என் பக்கம் நீட்டுனாரு.

"எனக்குத் தெரியாதுங்க. நான் எடுக்கலை. இவதேன் எடுத்தா."

ஒரு வருசமா இந்த வார்த்தைக்காகத்தேன் உள்ளுக்குள்ள ஏங்கியிருக்கேன். திருடியைப் பிடிச்சுக் குடுக்கிற மாதிரி வந்து விழுந்துச்சு. எனக்கு அழுகை வரலை, ஆத்திரம் வந்துச்சு.

"ஆமா, நான்தேன் எடுத்தேன். சாவி ஓட்டை, சீப்பு, உப்பு எல்லாமே நான்தேன். அது கசகசா இல்ல, ஈறு"ன்னேன்.

யாரும் சிரிக்கலை. செயலாளரு மட்டும் அந்தச் சீட்டைக் கழட்டி, பேனாவை எடுத்துக்கிட்டு, "உங்க பேரு என்னம்மா?"ன்னு கேட்டாரு. அதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு பாதிப் படி எறங்கிட்டாரு. பதில் சொல்லாம நானும் பின்னாடியே எறங்குனேன். பஸ்ஸுக்கு அவரு இல்லாமப் போகத் தெரியாதே எனக்கு.

பஸ் செக்கானூரணி தாண்டுச்சு. அப்புறம் மெல்ல, "அம்புட்டு நேரமும் கழுத்துல ஒண்ணுமில்லாமயா இருந்த?"ன்னு கேட்டாரு. அவருக்குச் சாவுப் பயம்.

"மஞ்சக்கிழங்கு கட்டியிருந்தேன்."

"ம்"னு ஒரு பெருமூச்சு விட்டாரு. அத்தைகிட்ட கடைசி வரைக்கும் அவரு சொல்லலை. அதை மட்டும் நான் மறக்கக் கூடாது.

அடுத்த வாரத்துல இருந்து அவரு மதுரைக்குப் போகலை. கேமரா பீரோவுக்குள்ள போச்சு, பீரோச் சாவி அவரு அரணாக்கயித்துக்குப் போச்சு. பூவும் இல்ல, தலைப்பும் இல்ல. ஞாயித்துக்கிழமை ஷட்டரை உள்பக்கமாப் பூட்டிக்கிட்டு அவரு கட்டில்லயே படுத்திருந்தாரு. வெளிய பூட்டிட்டுப் போனாரே, அந்த ஞாயித்துக்கிழமையை நெனச்சு ஏங்குற நிலைமைக்கு வந்தேன்.

ஒரு நாள் குழம்புக்கு உப்பு அள்ளையில ஒரு கல்லைத் தனியா எடுத்து வச்சேன். மொட்டை மாடிக்குக் கொண்டு போய், வெயில்ல தூக்கிப் பிடிச்சு, கண்ணை இடுக்கிப் பாத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்தேன். வெறுங்கண்ணுக்குப் படி தெரியலை.