லியோனா வாங்கிய குட்டி உலை

லியோனா சீருக்கு அறுபத்தேழு வயது. வீட்டுக்குச் சூடு தரும் எண்ணெய் உலை அக்டோபரில் மண்டையைப் போட்டபோது, மகள் கிளாடெட் போர்ட்லண்டிலிருந்து போனில் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, புதுசு வாங்கிக்கோ, வேண்டாங்கல. ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள், வீடு அறுபது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போச்சோ, பெட்டியைக் கட்டிக்கிட்டு என்கூட வந்துடணும்."

"சரிடி" என்று சொல்லிவிட்டாள் லியோனா. சொன்ன பிறகுதான் யோசித்தாள். வடகோடியில் இருக்கும் எங்கள் ஊர் ஃபோர்ட் கென்ட்டை விட்டு அவள் எங்கே போவாள்?

மறுநாள், எண்ணெய் உலை மாட்டும் பர்னர்காரர் கில்மன் நிலவறையில் இறங்கிப் பழைய உலையின் அளவைக் குறித்துக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம்: பழசு எவ்வளவோ அவ்வளவு, இல்லையென்றால் அதைவிட ஒரு சுற்றுப் பெரிசு. யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, பயம்தான் கணக்கு.

"பெரிசாவே போடுங்க கில்மன்" என்றான் கொழுந்தன் ஆல்ஃபி. தினமும் மத்தியானம் கிரிபேஜ் சீட்டாட வருபவன். "அண்ணி விறைச்சுப் போயிட்டா யார்கூட ஆடுறது?"

"நீ சும்மா இரு ஆல்ஃபி. போன ஜனவரியில பூஜ்யத்துக்குக் கீழ முப்பது போச்சே, அன்னைக்கு ஒரு மணி நேரத்துல எத்தனை ஆட்டம் ஆடினோம்?"

"மூணு."

"அந்தப் பழைய உலை ராட்சசன் கத்தினதுல நீ பேசினது காதுல விழாம போனது எத்தனை ஆட்டம்?"

"ஒண்ணு. அதுக்கு என்ன இப்ப?"

"மூணுல ஒண்ணுன்னா, அவ்வளவு குளிர்லயே மணிக்கு இருபது நிமிஷம்தான் உலை எரிஞ்சிருக்கு. பாதி அளவு உலை நாப்பது நிமிஷம் எரிஞ்சா போதாதா?"

கில்மன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இருபத்தாறு வருஷமா உலை மாட்டுறேன்க்கா. இப்படி யாரும் கேட்டதில்ல. கணக்கு என்னமோ சரிதான்."

"இது உலையா, அட்டைப்பெட்டியா?" என்று, பாதி அளவில் வந்து இறங்கிய புது உலையைப் பற்றி ஆல்ஃபி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். லியோனா அசரவில்லை. வழக்கம்போல வீட்டைச் சுற்றி அடித்தளத்தை ஒட்டி ஊசியிலைக் கிளைகளை அடுக்கி, காற்று நுழையும் சந்துகளையெல்லாம் அடைத்தாள்.

ஜனவரியில் வந்தது பாருங்கள் குளிர்! பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து. முந்தின நாளே கிளாடெட் வந்து இறங்கிவிட்டாள், கையில் வெப்பமானி, கூடவே அம்மாவின் துணிகளுக்கென்று ஒரு காலிப் பெட்டி. காலையில் அறுபத்தெட்டு. மத்தியானம் அறுபத்தாறு. காற்று வேறு சுழற்றியடித்ததால் உலை ஓயாமல், ஆனால் சத்தமில்லாமல் எரிந்தது. லியோனா மாவு கரைத்து ப்ளோய்த் தோசை சுட்டாள், ஆனால் கண் என்னவோ வெப்பமானியிலேயே இருந்தது. மூன்று மணிக்கு அறுபத்தைந்து. நான்கு மணிக்கும் அறுபத்தைந்து. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

கதவு தடதடத்தது. ஆல்ஃபி! புருவமெல்லாம் பனி. நேராகப் போய், தரையில் சூடு வரும் கம்பி வலைமேல் காலுறையோடு நின்றுகொண்டான்.

"என்ன சித்தப்பா, உங்க உலை நின்னுபோச்சா?"

"உலைக்கு ஒண்ணுமில்ல. வெளித்தொட்டியில எண்ணெய் உறையாம இருக்க மண்ணெண்ணெய் கலக்க மறந்துட்டேன். இப்ப கூழாட்டம் உறைஞ்சு கிடக்கு. கில்மன் நாளைக்குத்தான் வருவாராம்."

"அட்டைப்பெட்டி எப்படி இருக்கு, கால் சுடுதா?" என்றாள் லியோனா.

அவன் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். சீட்டை எடுத்துப் போட்டான். முதல் ஆட்டத்திலேயே, பழைய பழக்கத்தில், "பதினாலு!" என்று புள்ளி கூட்டி, கணக்குப் பலகையில் ஆணியை நகர்த்தினான்.

"பன்னெண்டுதான்" என்றாள் லியோனா. "அடப்பாவி! இத்தனை வருஷமா பழைய உலை போட்ட கத்தல்ல ஒளிஞ்சுக்கிட்டுத்தான் ஜெயிச்சியா? அதான் பெரிய உலை கேட்டியா?"

கிளாடெட் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து வெப்பமானியைப் பையில் போட்டாள். "எனக்கும் சீட்டுப் போடும்மா" என்று நாற்காலியை இழுத்தாள். "இந்தப் பெட்டியை எங்க வைக்கட்டும்?"

"கதவடியில வை. அங்க கொஞ்சம் காத்து வருது."