கணவர் மேல் எழுதிய ரகசிய எண்

அந்தத் தையல்காரிக்கு மனிதர்களின் முகம் மனதில் தங்காது. அளவுதான் தங்கும். தெருவில் யாராவது நலம் விசாரித்தால் ஒரு கணம் திருதிருவென்று விழிப்பாள். பிறகு பார்வை அவர் தோளுக்கு இறங்கும். உடனே முகம் மலரும். "அட, நாப்பத்திநாலு மார்பா! எப்படி இருக்கீங்கண்ணே?" என்பாள். யாருக்கும் கோபம் வந்ததில்லை. அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவளிடமே கோபிக்க யாருக்கு மனசு வரும்?

இருபது வருடமாக ஒரு அடுக்குமாடியின் படிக்கட்டுக்கு அடியில்தான் அவள் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். போட்டுப் பார்க்க வருகிறவர்கள் படியில் ஏறி நின்று, இறங்கி வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, கைக்கண்ணாடியில் தங்களைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொள்வார்கள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தெருமுனையில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி பதித்த அந்தக் கடை. அதற்குள் நிமிர்ந்து நின்று துணி வெட்ட வேண்டும். இந்தச் சின்ன ஆசையோடு அவள் எத்தனை முறை தலையை இடித்துக்கொண்டிருக்கிறாள் தெரியுமா!

அது தம்பிக்குத் தெரியும். அக்கா மிதித்த தையல் மெஷினால் படித்து, வெளியூரில் கணினி வேலைக்குப் போனவன் அவன். இரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது அவள் உள்ளங்கையில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு கருவியை வைத்தான்.

"அக்கா, இது உன் கண்ணாடிக் கடை."

"இதுவா? இதுக்குள்ள ஊசிப் பெட்டி கூட நுழையாதேடா. மெஷினை எங்க போடுறது?"

அவன் சிரித்துக்கொண்டே விளக்கினான். அவளுக்கென்று அவன் வாங்கிய கிரிப்டோ நாணயங்களின் சாவி இந்த ஹார்டுவேர் வாலெட்டுக்குள் இருக்கிறது. திறக்க எட்டு இலக்க ரகசிய எண் வேண்டும். மூன்று முறை தப்பாக அழுத்தினால் கருவி தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நாணயங்களை மீட்க, இருபத்துநாலு வார்த்தை எழுதிய தாள் ஒன்றுதான் கதி.

"பிறந்த நாள், கல்யாண நாள், போன் நம்பர் எதுவும் வைக்காதே. எவன் வேணா ஊகிச்சிடுவான். எங்கயும் எழுதியும் வைக்காதே. மாமாகிட்ட கூட சொல்லாதே."

"மாமாகிட்ட சொல்லவே மாட்டேன்" என்றாள் அவள், கண்ணில் குறும்பு மின்ன.

சொல்லவில்லைதான். மாமாவின் மேலேயே எழுதி வைத்துவிட்டாள். அன்று காலையில்தான் கணவருக்குக் கல்யாண நாள் சட்டை தைக்க அளவெடுத்திருந்தாள். கழுத்து, மார்பு, இடுப்பு, கை. நாலு அளவு, எட்டு இலக்கம். ஊரில் பாதிப்பேர் அவளுடைய அளவு நோட்டில் இருந்தார்கள். கணவர் மட்டும் இல்லை. வீட்டிலேயே நடமாடுகிற மனிதருக்கு நோட்டு எதற்கு? மறந்தால் டேப்பை எடுத்து ஒரு சுற்று சுற்றினால் போயிற்று. எந்தத் திருடனுக்கு இது தோன்றும்! நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தாள்.

அவள் மறந்தது ஒன்றே ஒன்று. கணவர் வேலை பார்ப்பது பேக்கரியில். உடைந்த கேக், ஓரம் கருகிய பன், க்ரீம் சரிந்த பேஸ்ட்ரி எதுவும் விற்பனைக்கு ஆகாது. வீணாக்க அவருக்கு மனசும் வராது.

ஒரு ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத் தெருமுனைக் கண்ணாடிக் கடையின் சொந்தக்காரர் போன் செய்தார்.

"கடை காலியாகுதும்மா. உங்க எதிர்க்கடை டெய்லரும் கேட்டிருக்காரு. நீங்கதான் முதல்ல கேட்டவங்க. அஞ்சு மணிக்குள்ள முன்பணம் வந்தா உங்களுக்கு. இல்லேன்னா அவருக்கு."

அவள் துள்ளிய துள்ளலில் தலை படிக்கட்டில் இடித்தது. வலிக்கவே இல்லை. வீட்டுக்கு ஓடினாள். தம்பியைப் போனில் பிடித்தாள்.

"கருவியைத் திறந்து நாணயத்தை எனக்கு அனுப்புக்கா. நான் அவருக்கு உடனே பணத்தைப் போட்டுடறேன்."

கருவியைச் செருகினாள். போன மாதம்தான் கணவருக்கு வேலைக்கான புது கோட் தைத்திருந்தாள். அளவுகள் நாக்கு நுனியில் இருந்தன. பதினாறு, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, இருபத்துநாலு. அழுத்தினாள்.

தவறு என்றது கருவி. இன்னும் இரண்டு முறை.

"சரி, பதறாதே. இருபத்துநாலு வார்த்தைத் தாள் இருக்குல்ல?" என்றான் தம்பி.

அவள் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா?"

"தலையணை உறைக்குள்ள பத்திரமா வச்சுத் தைச்சேண்டா."

"பிரிச்சு எடு."

"போன வாரம் உறையைத் துவைச்சுட்டேன். கூழா வந்துச்சு. உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

அவன் பெருமூச்சு போனைத் தாண்டி வந்து அவள் கன்னத்தைச் சுட்டது. அப்போது கணவர் டீக் கோப்பையோடு உள்ளே வந்தார். அவள் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"என்னம்மா அப்படிப் பாக்கறே?"

"ரெண்டு வருஷமா நீங்கதாங்க என் பின் நம்பர்."

விஷயம் புரிய அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் டீ தளும்பியது. கண்ணும் தளும்பியது. "நானா? இத்தனை கோடி எண் இருக்க, என்னையா வச்சே?"

"உங்களைத்தான். ஆனா இப்ப இருக்கிற உங்களை இல்ல. அப்ப இருந்த உங்களை!"

"இதோ!" என்று அவர் வயிற்றை உள்ளே இழுத்து நின்றார். முகம் தக்காளியானது.

"மூச்சை விடுங்க, பட்டன் தெறிச்சு என் கண்ணுல படப்போகுது" என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். அந்தக் கல்யாண நாள் சட்டை! அவர் உடம்பு மாறலாம், அவள் தைத்த துணி மாறுமா?

அலமாரியிலிருந்து சட்டையை எடுத்து விரித்து அளந்தாள். உடம்பை ஒட்டாமல் இருக்க மார்பிலும் இடுப்பிலும் அவள் எப்போதும் நாலு அங்குலம் தளர்வாக வைப்பாள்; அதைக் கழித்தாள். கணவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாடி, அது வந்து..."

"பேசாதீங்க, கணக்கு தப்பிடும்."

பதினைந்து, நாற்பது, முப்பத்தெட்டு, இருபத்துநாலு. அழுத்தினாள்.

தவறு. இன்னும் ஒரே ஒரு முறை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கடை போனது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. இருபது வருடத்தில் அவள் கத்தரி ஒருநாளும் பொய் சொன்னதில்லையே! "என் கைக்கு என்ன ஆச்சுடா தம்பி" என்று போனைப் பார்த்து விம்மினாள். கணவர் அவள் முன்னால் மண்டியிட்டார்.

"உன் கை சரியாத்தான் இருக்கு. நான்தான் பாவி. போன வருஷம் இந்தச் சட்டை இறுக்கிப் பிடிச்சுது. உன்கிட்ட சொன்னா கேக்கை நிறுத்திடுவே. அதான்... வெளிய குடுத்துப் பிரிச்சுத் தைச்சேன்."

"வெளியன்னா?"

"எதிர்க்கடையில."

போனில் தம்பி "ஐயோ மாமா!" என்றான்.

அவள் நெஞ்சில் கை வைத்தாள். "என் துணியில! அவர் கத்தரி! இதுக்கு நீங்க இன்னொரு கல்யாணம் பண்ணியிருக்கலாம்!"

"ரெண்டு கேக் தின்னதுக்கு இவ்வளவு பெரிய பேச்சா?"

"ரெண்டா? தையலையே பிரிக்கிற அளவுக்குய்யா! எத்தனை பேஸ்ட்ரி!"

திட்டிக்கொண்டே அவள் விரல்கள் பிரிக்கும் ஊசியைத் தேடி எடுத்துவிட்டன. சரசரவென்று பக்கத் தையலைப் பிரித்தாள். துணியை ஜன்னல் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். இருந்தது! எதிர்க்கடைக்காரர் பிரித்து, நீவி, இஸ்திரி போட்டும் மறையாமல், அவளுடைய பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாக வெளிச்சம் கசிந்து நின்றன. அங்குலத்துக்குப் பன்னிரண்டு. அவள் கையேதான்.

அந்த ஒளிக்கோட்டின் மேல் டேப்பை வைத்தாள். மார்பு நாற்பத்திரண்டு, நாலு போக முப்பத்தெட்டு. இடுப்பு முப்பத்தொன்பது, நாலு போக முப்பத்தைந்து.

"முப்பத்தஞ்சா? நானா?" என்றார் கணவர், தன் மேலேயே பொறாமைப்பட்டு.

மணி ஐந்தாகக் கால் மணி இருந்தது. பதினைந்து, முப்பத்தெட்டு, முப்பத்தைந்து. கணவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். இருபத்துநாலு.

திறந்தது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கணவர் அவளைத் தூக்கிச் சுற்றினார். டேப் இருவர் கழுத்திலும் சிக்கிக்கொண்டது. மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். ஐந்தடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது கடைச் சொந்தக்காரரின் போன் வந்தது. "வந்துடுச்சும்மா. கடை உங்களுக்குத்தான்."

தம்பி அன்றைக்கே கருவியைப் புதிதாக அமைக்கச் சொல்லி, மிச்ச நாணயங்களை அதற்கு மாற்ற வைத்தான். புது இருபத்துநாலு வார்த்தைகள் தலையணை உறைக்குள் அல்ல, உலோகத் தகட்டில் ஏறின. புது எண்ணை அவள் தனியாக அமர்ந்து, யாருடைய உடம்பிலும் இல்லாததாக யோசித்து, மனப்பாடம் செய்தாள்.

கண்ணாடிக் கடையில் முதல் நாள் கணவர் சுவரளவு கண்ணாடி முன் சோகமாக நின்றார்.

"இனிமே என் மேல ஒண்ணும் இல்லையா? நான் வேணா பழையபடி முப்பத்தஞ்சுக்கு வந்துடறேம்மா."

"ஒண்ணும் வேணாம். நிம்மதியா சாப்பிடுங்க."

அவள் நிமிர்ந்து நின்று அவருக்கு அளவெடுத்தாள். இடிக்கக் கூரையே இல்லை. புது அளவு நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில், இருபது வருடத்தில் முதன்முறையாக, கணவரின் அளவை எழுதினாள். இனி அது ரகசியம் இல்லையே.

பிறகு துணியை விரித்து வெட்டினாள். பக்கத் தையலுக்கு உள்ளே, அவருக்குச் சொல்லாமல், இன்னும் மூன்று அங்குலம் விட்டு வைத்தாள்.