மயில் அண்ணனின் சொந்தப் பெயர்

போன மாதம் பாண்டி போன் செய்தான். ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தபோது என்னோடு ஒரே அறையில் கிடந்தவன். "மயில் அண்ணன் போய்ச் சேந்துட்டாராம்டா. நெஞ்சு வலியாம். அடக்கமும் முடிஞ்சு போச்சாம்," என்றான். பழைய பிரவுசிங் சென்டருக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் சொல்லித்தான் அவனுக்கே தெரியும். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஊரைவிட்டு வந்த புதிதில் நாம் எல்லோரும் அந்த ஒரு வலைத்தளத்தில்தான் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சென்டரில் கம்ப்யூட்டர் பிடிக்க அடிதடியே நடக்கும். அந்தத் தளத்தில் 'ஒரகடம் பசங்க' என்று ஒரு குழு. அதை நடத்தியவர் தன் படத்துக்குப் பதிலாக வல்லக்கோட்டை முருகன் கோயில் மயிலை வைத்திருந்தார். அதனால் மயில் அண்ணன். எந்த கான்ட்ராக்டர் சம்பளத்தில் கை வைப்பான், எந்த அறையில் தண்ணீர் வராது, எல்லாம் எழுதுவார். யாரென்று தெரிந்தால் அவர் வேலை போய்விடும். பெயரைக் கேட்காமல் இருப்பதுதான் நமக்குள் மரியாதை.

நான் சிவகங்கையிலிருந்து வந்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கிய அன்று, குழுவில் வழி கேட்டு எழுதியிருந்த, முன்பின் பார்த்திராத எனக்காக அவர் பிளாட்பாரத்திலேயே காத்திருந்தார். இன்டர்வியூவுக்கு நேரமாகிறதே என்று நான் பதறினேன். "மொதல்ல துன்னுபா. கம்பனி எங்கியும் ஓடிப் பூடாது," என்று இட்லி வாங்கிக் கொடுத்தார். ஷேர் ஆட்டோவில் கம்பெனி கேட் வரை கூடவே வந்தார். அந்தக் கம்பெனி பிற்பாடு மூடப்பட்டது. நான் ஓசூருக்குப் போனேன்.

கைக்குள்ளேயே இன்டர்நெட் வந்ததும் எல்லோரும் புதிய தளத்துக்குத் தாவினோம். பழைய தளத்தில் எழுதி அவரையும் கூப்பிட்டேன். "அங்க சொந்தப் பேரு, சொந்த மூஞ்சி கேக்குறான். நமக்கு ஒத்து வராதுபா. புதுசா வர்ற பசங்க இங்கதான் தேடுவானுங்க, நான் இங்கியே கீறேன்," என்றார். காலி வீட்டுக்கு வாட்ச்மேன் என்று நானும் பாண்டியும் சிரித்தோம். அவர் நம்பர் என் பழைய போனோடு தொலைந்திருந்தது. தளத்தில்தான் இருக்கிறாரே என்று மறுபடி கேட்கவில்லை. ஒருநாள் தளத்தையே இழுத்து மூடிவிட்டார்கள்.

நானும் பாண்டியும் துக்கம் கேட்கப் போனோம். டீக்கடைக்காரருக்கும் அவர் மயில் அண்ணன்தான், வல்லக்கோட்டைக்கு அடுத்த ஊர் என்பது மட்டும் தெரியும். மயில் அண்ணன் வீடு எது என்றால் யாருக்குத் தெரியும்? துக்கத்துக்கு வந்தவன் செத்தவர் பெயர் தெரியாமல் தெருவில் நிற்பதைவிடக் கேவலம் உண்டா? குட்டையானவர், நெற்றியில் தழும்பு என்று போலீஸ்காரர்கள் மாதிரி அங்க அடையாளம் சொன்னோம். குழாயடியில் நின்ற பெண் ஒரு வீட்டைக் காட்டினார். கதவுக்கு மேல் சிலுவை. முருக பக்தர் என்று நினைத்து இவருக்குப் பழனிப் பஞ்சாமிர்தம் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டார், மனிதர்.

அவர் மனைவி எங்களை உட்கார வைத்தார். எப்படிப் பழக்கம் என்று சொன்னதும், "ஞாயித்துக்கெழம பூசைக்குக்கூட வராம அந்தக் கம்ப்யூட்டர் கடையிலியே குந்திக்கினு இருப்பாரு. சீட்டாடப் போறாருன்னு ஊரே பேசிச்சு. அங்க இன்னாதான் பண்ணாரு?" என்று கேட்டார்.

தெரிந்ததை எல்லாம் சொன்னோம். காட்டுவதற்கு ஒரு வரிகூட இல்லை, எல்லாம் தளத்தோடு போய்விட்டது. அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. எத்தனை பேருக்கு அப்படிச் செய்தார் என்று கேட்டார். நிறையப் பேருக்கு, அக்கா, என்றேன்.

"அப்ப யாருமே வரலியே," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நண்பர்களே, அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். நீங்கள் போனால் அந்த அம்மா நம்புவார். அந்தோணிசாமி வீடு என்று கேளுங்கள், காட்டுவார்கள். அவருடையது என்று இன்று என்னிடம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் மாலை போட்ட படத்துக்குக் கீழே படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.